அலையை மறித்து வற்றை அளப்பது: கொழும்புத்துறையில் பூட்டிய குழாய்

ஆழம் குறைந்த பரவைக்கடலில் வற்றுப்பெருக்கை, அதாவது கடலேற்ற இறக்கத்தை, அளப்பதில் ஒரு தொல்லை உண்டு. அளக்க வேண்டிய ஏற்ற இறக்கம் சாண் கணக்கு. அதன்மேல் நின்று ஆடுகிற அலையும் சாண் கணக்கு. குஜராத்தில் பவநகர்ப் பக்கம் போலக் கடல் பத்து மீற்றர் அளவில் ஏறி இறங்குகிற இடமென்றால், கம்பு ஒன்றில் கோடு போட்டு நட்டுவிட்டு வந்துவிடலாம். அலை அரை முழம் ஆடினாலும் கவலையில்லை. இலங்கைக் கரையில் இந்த வித்தியாசம் ஒரு மீற்றரையே தாண்டுவதில்லை. யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் இன்னும் அடக்கம். இங்கே கோடு போட்ட கம்பைக் காட்டி ‘இப்ப தண்ணி எவ்வளவு?’ என்று நாலு பேரைக் கேட்டால் நாலு விடை வரும், நாலும் சரியாகவும் இருக்கும்.

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு, அலைகளைக் கரும்பலகையில் சைன் வளைகோடாக வரைந்து வரைந்து அலுத்துப்போயிருந்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், யாழ்ப்பாண நகரை ஒட்டிய கொழும்புத்துறையில், கடல் கிடக்கிறது. அதையே வளைகோடு வரைய வைக்கலாம் என்று தோன்றியது. அந்தச் சுற்றுவட்டாரத்துக் கடற்றொழிலாளர் சங்கத்தில் அனுமதி கேட்டு, வள்ளம் கட்டுபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு சீமெந்துத் தூணைத் தேர்ந்துகொண்டேன். குழாயையும் கிளம்புகளையும் கொண்டுபோய் இறக்கியதும் வலை பொத்திக்கொண்டிருந்த அண்ணை ஒருவர் கேட்டார்:

“தம்பி, குழாய்க்கிணறு அடிக்கிறியளோ? உப்புத் தண்ணிதான் வரும்.”

“இல்லை அண்ணை, வத்துப்பெருக்கு அளக்கப் போறன்.”

“அதுக்கு ஏன் பைப்? என்னட்டைக் கேட்டால் சொல்லுவனே.”

அவர் சொன்னது வீண் பேச்சில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

குழாயும் துளையும்

கருவியின் உயிர் அதன் மின்னணுவில் இல்லை, குழாயின் அடியில் உள்ள ஒரு சிறு துளையில் இருக்கிறது. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயை நிமிர்த்தித் தூணோடு கட்டி, அடியை மூடி, மூடிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் 5 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டேன். வெளியே தண்ணீர் எப்படிக் கூத்தாடினாலும் உள்ளே வருவதும் போவதும் அந்தத் துளை வழியாகத்தான். அலை ஒன்று எழும்பி விழுவதற்குள் உள்ளே போகக்கூடிய தண்ணீர் மிகக் கொஞ்சம். வற்றுப்பெருக்கு மணிக்கணக்கில் மெதுவாக நகர்வதால், துளை எவ்வளவு சிறிதானாலும் தண்ணீர் உள்ளே வந்து சமன் ஆகிவிடும்.

இதைக் கண் மதிப்பில் விட எனக்கு மனமில்லை. துளை வழியாகப் பாயும் வேகம் உள்மட்டத்துக்கும் வெளிமட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 10 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருந்தால் துளையில் பாயும் வேகம் செக்கனுக்கு 1.4 மீற்றர், துளையில் தண்ணீர் ஒடுங்கிப் பாய்வதால் அதில் சுமார் 0.6 பங்குதான் பயன்படும். குழாயின் உட்குறுக்குப் பரப்பில் துளை ஏறத்தாழ 430இல் ஒரு பங்கு. ஆகவே உள்ளே மட்டம் ஏறும் வேகம் செக்கனுக்கு 2 மில்லிமீற்றர்தான். கடனீரேரி அலை ஒன்று ஒன்றரைச் செக்கனில் வந்து போய்விடும். அதன் மேடு நிற்கிற முக்கால் செக்கனில் உள்மட்டம் ஒன்றரை மில்லிமீற்றர் அசைந்தால் அதிகம்.

இனி மற்றப் பக்கம். 40 சென்ரிமீற்றர் பெருக்கு ஆறேகால் மணித்தியாலத்தில் ஏறுகிறது என்று வைத்தால், அதை உள்ளே கொண்டுவரத் தேவையான உயர வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு வரும். அலையை நூறில் ஒன்றாகக் குறைக்கிற அதே துளை வற்றுப்பெருக்கைத் தொடவே இல்லை. இரண்டும் கடல்நீரின் ஏற்ற இறக்கம்தான். ஒன்றின் காலம் செக்கன், மற்றதன் காலம் அரை நாள். குழாய் பார்ப்பது இந்தக் கால வித்தியாசத்தை மட்டும்தான்.

துளையை ஆழத்தில் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலை வரும்போது நீர்த்துணிக்கைகள் அலையோடு கரைக்கு வருவதில்லை. இருந்த இடத்திலேயே வட்டமடிக்கின்றன. ஆழம் போகப் போக அந்த வட்டம் சுருங்கி, அலைநீளத்தின் பாதி ஆழத்தில் ஏறத்தாழ இல்லாமல் போய்விடும். ஒன்றரைச் செக்கன் அலையின் நீளம் ஆழமான நீரில் மூன்றரை மீற்றர். ஒரு மீற்றர் கீழே போனால் அதன் அசைவு ஆறில் ஒரு பங்காகிவிடும். துளைக்கு வேலை குறைந்தது. ஆனால் அதற்காக அடியோடு அடியாக வைக்கக்கூடாது. சேறு அடைத்துவிடும். அடித்தரையிலிருந்து ஒரு முழங்கை உயரம் விட்டேன்.

துளைக்குப் பெரிய எதிரி பாசியும் சிப்பியும். வெறும் பிளாஸ்டிக்கில் போட்ட துளையைச் சுற்றி உயிர்கள் ஒட்டத் தொடங்கினால் விடாது. குளிர்சாதனப் பெட்டி திருத்துகிற கடையில் செப்புக் குழாய்த் துண்டு ஒன்று வாங்கித் துளையில் இறுக்கிப் பசை வைத்தேன். செம்பிலிருந்து கரையும் அயன்கள் சிறு உயிர்களுக்கு ஒத்துவராது. பழைய மரக்கப்பல்களின் அடிக்குச் செப்புத் தகடு அடித்தது இதற்காகவும்தான். குழாயின் வெளிப்புறத்தில் இப்போது பிடிமானமாகச் சிப்பி வளர்ந்திருக்கிறது, செப்பு வாயில் இல்லை. துளை பாதி அடைபட்டால்கூட உடனே ஆபத்தில்லை. கணக்குப் பார்த்தால் 1 மில்லிமீற்றராகச் சுருங்கினாலும் உள்மட்டம் அரைச் சென்ரிமீற்றர் அளவில்தான் பின்தங்கும். அதற்கும் மேலே அடைத்தால் வளைகோடு தாழ்ந்தும் பிந்தியும் வரும். அப்படி வந்தால் கம்பி விட்டுக் குத்த வேண்டும்.

தூணில் ஆணி அடித்து ஒரு நிலையான குறி வைப்பதை மறக்க வேண்டாம். குழாய் ஒருநாள் கழன்றாலும் மாற்றிப் பூட்டினாலும் பழைய அளவோடு புதியதைச் சேர்க்க அந்தக் குறிதான் சாட்சி. மேசன்மார் பிடிக்கிற தெளிவான ரியூப் மட்டம் போதும். விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

மேலே உள்ள பெட்டி

முதலில் யோசித்தது தண்ணீருக்குள் போடுகிற அழுத்த உணரி. ஒரு சென்ரிமீற்றர் நீருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிபார் அழுத்தம், கணக்கு நேரானது. ஆனால் அந்த உணரி தண்ணீரோடு சேர்த்து மேலே உள்ள வளியையும் நிறுக்கும். வெப்பவலயத்தில் வளியமுக்கம் தினமும் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம் தொட்டு, இடையில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற ஒன்று, பன்னிரண்டு மணித்தியாலக் கடலேற்றத்தோடு கலந்தால் பிரிப்பது பெரும்பாடு. வெளியே இன்னொரு வளியமுக்கமானி வைத்துக் கழிக்கலாம்தான். உப்புக்குள் கிடக்கிற உணரியை நம்ப எனக்குத் தயக்கம் இருந்தது.

அதனால் மேலே இருந்து பார்க்கிற மீயொலி உணரிக்குப் போனேன். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்கிற, நீர்புகா முகம் கொண்ட மலிவான வகை. வாகனங்களைப் பின்னுக்கு எடுக்கும்போது கீச்சிடுகிற அதே இனம். ஒலியைக் கீழே அனுப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தைத் தூரமாக மாற்றும். முகத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் வரைக்கும் அதற்குக் கண் தெரியாது. பெருக்கின் உச்சத்திலும் அவ்வளவு இடைவெளி மிஞ்சும்படி குழாயை உயர்த்தினேன். இந்த உணரியின் கற்றை அகலமானது, ஆகவே குழாய்ச் சுவரிலிருந்தும் பொய் எதிரொலி வரும். உள்சுவரில் ஒட்டுத்தடமோ பிசிறோ இருக்கக்கூடாது. முகத்தைச் சரி நடுவில் வைத்து, நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது அளவுகள் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கிற பெறுமானத்தை, அதாவது இடையத்தை, மட்டும் எழுத வைத்தேன். சராசரி எடுத்தால் ஒரு பொய் எதிரொலி முழுவதையும் இழுத்துக்கொண்டு போகும். இடையம் அதைக் கண்டுகொள்ளாது.

நிரலை ஓட்டுகிற ஈஎஸ்பி32 பலகை, பதிவைச் சேமிக்கிற எஸ்டி அட்டை, டிஎஸ்3231 கடிகாரச் சில்லு, ஒரு லிதியம் பற்றரி, கையளவு சோலார் தகடு. இவை பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. கடிகாரத்தை மட்டும் மலிவாக எடுக்க வேண்டாம். கடலின் உயரத்தை விட நேரம்தான் இந்த வேலையில் பெறுமதியானது.

இப்போது உண்மையான வில்லன்: வெப்பம். வெப்பநிலை ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 0.6 மீற்றர் கூடும். விடியற்காலை 25 பாகையில் வேகம் 346 மீற்றர். மத்தியான வெயிலில் குழாய்க்குள் 40 பாகையென்றால் 355. ஒன்றரை மீற்றர் தூரத்தில் இது ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் பொய். ஒலி வேகமாகத் திரும்பி வருவதால் தண்ணீர் கிட்ட நிற்கிறது என்று கருவி நினைக்கும். ஒவ்வொரு மத்தியானமும் இல்லாத பெருக்கு ஒன்று பதிவாகும்.

4 சென்ரிமீற்றர்தானே என்று விடலாமா? வெளிநாட்டில் பெரிய கடலேற்றம் உள்ள இடத்தில் விடலாம். இங்கே முடியாது. அது மட்டுமல்ல, இந்தப் பொய் ஒளிந்துகொள்கிற இடம் மோசமானது. கடலேற்றம் என்பது வேறுவேறு காலமுள்ள பல துடிப்புகளின் கூட்டு. அந்தக் கூறுகளில் கே1 என்று ஒன்று உண்டு. அதன் காலம் 23.93 மணித்தியாலம். வெயிலின் காலம் சரியாக 24. இரண்டு துடிப்புகள் இவ்வளவு கிட்ட இருந்தால், ஒன்று மற்றதைவிட ஒரு முழுச் சுற்று முந்தும்வரை பதிவு வேண்டும், அப்போதுதான் பிரிக்கலாம். இந்தச் சோடிக்கு அது ஒரு முழு வருடம். ஆகவே கணினியில் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற நினைப்பு உதவாது, பொய்யைக் குழாயிலேயே நிறுத்த வேண்டும். குழாய்க்கு வெள்ளை மை பூசி, அதன்மேல் பெரிய குழாயின் பாதியைக் கவசமாகக் கட்டி, இடையில் காற்றோட இடம் விட்டேன். உள்ளே உள்ள வளியில் மேலும் கீழுமாக இரண்டு இடத்தில் டிஎஸ்18பி20 வெப்ப உணரிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு அளவையும் அந்த நேரத்து வெப்பநிலைக்கே திருத்த வைத்தேன். ஒரு உணரி போதாது; மூடிக்குக் கீழே உள்ள வளியும் நீரைத் தொட்டு நிற்கிற வளியும் ஒரே சூடில் இருப்பதில்லை.

மாரியில் இன்னொரு சின்னக் கரைச்சல். மழைத் தண்ணீர் இறங்கி ஏரியின் உவர் குறையும்போது, குழாய்க்குள் பழைய உப்புநீர் அடைபட்டு நிற்கும். அடர்த்தி கூடிய நீர் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். முழு உப்புநீருக்கும் நல்ல தண்ணீருக்கும் இரண்டரை வீத அடர்த்தி வித்தியாசம், அதாவது ஒரு மீற்றர் நீருக்கு இரண்டரைச் சென்ரிமீற்றர். வழக்கத்தில் அவ்வளவு போகாது. பெருமழைக்குப் பிறகு வாளியால் அள்ளி உள்நீரை மாற்றிவிடுவது என் வழக்கம்.

சந்திரனின் பங்கு, காற்றின் பங்கு

பதிவு சேரச் சேர முதலில் கண்ணில் பட்டது நேரம் நழுவுவது. உச்சம் நாளுக்கு நாள் 50 நிமிடம் பிந்துகிறது. பூமி ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் சந்திரன் தன் பாதையில் கொஞ்சம் முன்னே போய்விடுவதால், அதே சந்திரனுக்கு நேரே மறுபடி வரப் பூமிக்கு 24 மணித்தியாலம் 50 நிமிடம் எடுக்கும். வலை பொத்திய அண்ணையிடம் இதைக் காட்டினேன்.

“நாளுக்கு ரெண்டு நாழிகை பிந்தும். அதுக்கு மிசின் வேணுமோ?” என்றார்.

இரண்டு நாழிகை 48 நிமிடம்.

வற்றுப்பெருக்கு என்றால் சந்திரன் தண்ணீரை மேலே தூக்குகிறது என்று பிள்ளைகள் எழுதுவார்கள். அப்படித் தூக்குகிற அளவுக்கு அந்த விசை பெரிதில்லை. சந்திரன் தனக்குக் கிட்ட உள்ள பக்கத்தைப் பூமியின் நடுவைவிடச் சற்றுக் கூடவும், எட்ட உள்ள பக்கத்தைச் சற்றுக் குறையவும் இழுக்கிறது. இந்த வித்தியாசம்தான் மூலம். அதனால்தான் நாளுக்கு இரண்டு ஏற்றம். வித்தியாசம் தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும். சூரியனின் திணிவு சந்திரனைப்போல 2 கோடியே 70 இலட்சம் மடங்கு, தூரமோ 390 மடங்கு. 390ஐ மூன்று தரம் பெருக்கினால் ஏறத்தாழ 5 கோடியே 90 இலட்சம். 27ஐ 59ஆல் பிரித்தால் 0.46. சூரியனின் கடலேற்ற விசை சந்திரனுடையதில் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. பறுவத்திலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கும், அட்டமியில் ஒன்றையொன்று அறுக்கும். வளைகோட்டில் இந்தப் பதினைந்து நாள் வீக்கமும் வாட்டமும் வடிவாகத் தெரிகிறது.

இந்த இழுவை திறந்த சமுத்திரத்தில் பிறந்து, அங்கிருந்து நீண்ட அலையாக வந்துதான் எங்கள் கரைக்கு ஏறுகிறது. அதன் நீளத்தோடு பார்த்தால் எந்தச் சமுத்திரமும் ஆழமற்றது. ஆகவே வேகத்தை ஆழம் மட்டும் தீர்மானிக்கும். 4000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல். ஒன்றரை மீற்றர் ஆழமுள்ள பரவைக்கடலில் மணிக்கு 14 கிலோமீற்றர். ஏரியின் மேற்கே மண்டைதீவுப் பக்கம் வந்த பெருக்கு கிழக்கே சங்குப்பிட்டி நோக்கி 20 கிலோமீற்றர் போக, அடித்தரையின் உராய்வைச் சேர்க்காமலே ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். அதனால்தான் வெளிக்கடலுக்கு அச்சடித்த அட்டவணை ஏரிக்குள் பொருந்துவதில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியும் இதே ஆழ விதியில்தான் ஓடியது. அதன் காலம் பல பத்து நிமிடக் கணக்கு, அதாவது காற்றலைக்கும் வற்றுப்பெருக்குக்கும் நடுவே. அப்படி ஒன்றை இந்தத் துளை தடுக்காது, ஆனால் மணித்தியாலத்துக்கு ஒரு அளவு எழுதினால் பதிவில் தவறிப்போகலாம். நிமிடத்துக்கு ஒன்று எழுத வைத்தது அதற்காகத்தான்.

பிரிக்கிற வேலையைப் பைத்தனில் ஒரு சிறு நிரல் செய்கிறது. எம்2, எஸ்2, கே1, ஓ1 என்று நாலு கூறு. காலம் முறையே 12.42, 12.00, 23.93, 25.82 மணித்தியாலம். ஒவ்வொன்றுக்கும் வீச்சமும் தொடக்க நேரமும் எவ்வளவு இருந்தால் பதிவோடு கிட்டப் பொருந்தும் என்று இழிவு வர்க்க முறையில் தேடும். 1872 அளவில் கெல்வின் பிரபு கப்பிகளும் கம்பியும் வைத்து இதே கூறுகளைக் கூட்டி எதிர்காலக் கடலேற்றத்தை வரைகிற இயந்திரம் செய்தார். சந்திரக் கூறையும் சூரியக் கூறையும் பிரிக்கக் குறைந்தது 15 நாள் பதிவு வேண்டும், அதற்குக் குறைந்தால் நிரல் தரும் எண்ணை நம்ப வேண்டாம்.

நாலையும் கழித்த பிறகு மிஞ்சியது வெறும் கோடாக இருக்கும் என்று நிரல் எழுதுகிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். இங்கே மிஞ்சியதுதான் சுவையான பகுதி. தென்மேற்குக் காற்றான சோழகம் பலமாக அடிக்கிற நாட்களில் மிச்சக் கோடு எழும்பி நின்றது. காற்று விழ அதுவும் விழுந்தது. காற்று நீர்ப்பரப்பை உரசித் தள்ளும். தள்ளிய தண்ணீர் ஒரு முனையில் குவிந்து, நீர்ப்பரப்பு சரிந்து நிற்கும். அந்தச் சரிவு ஆழத்துக்கு நேர்மாறு. செக்கனுக்கு 8 மீற்றர் காற்று, 20 கிலோமீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் ஆழம் என்று போட்டால் இரு முனைக்கும் இடையே 13 சென்ரிமீற்றர் வருகிறது. அதே காற்று 50 மீற்றர் ஆழமுள்ள கடலில் அதே தூரத்துக்கு 4 மில்லிமீற்றர்தான் தூக்கும். ஆழ்கடல்காரனுக்குக் காற்று என்றால் அலை. பரவைக்கடல்காரனுக்குக் காற்று என்றால் நீர்மட்டமும்தான். கம்பு நட்டுக் கட்டிய களங்கண்டி வலைக்கு எந்த நேரம் இறங்கலாம் என்று சந்திரனை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் சோழகக் காலத்தில் நனைய வேண்டிவரும். அண்ணை என்னிடம் கேள் என்றது இதையெல்லாம் சேர்த்துத்தான். அவர் கழுத்தில் படுகிற காற்றையும் கணக்கில் எடுக்கிறார். என் பெட்டியில் காற்றுமானி இல்லை.

அதனால் அடுத்த வேலை காற்றுமானி ஒன்றும், ஏரியின் கிழக்கு முனையில் இதே போல இன்னொரு குழாயும். இரண்டின் மிச்சக் கோடுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் சரிவு நேரடியாகக் கிடைக்கும். இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போனால் பெருக்கு அங்கே போய்ச்சேர எடுக்கும் நேரமும் கிடைக்கும்.

வடமராட்சிக் கிழக்குக் கரையில் பூட்டலாமா என்று மாணவர் ஒருவர் கேட்டார். இந்தக் குழாய் அங்கே தாங்காது. மணற்காட்டுப் பக்கம் வங்காள விரிகுடா நேரே திறந்து கிடக்கிறது. வாடைக் காலத்தில் வருகிற பத்துச் செக்கன் அலையின் நீளம் ஆழ்கடலில் 156 மீற்றர். அதன் அசைவு நாங்கள் எட்டக்கூடிய எந்த ஆழத்திலும் அடங்காது. அரை மீற்றர் வீச்சமுள்ள அப்படியொரு அலையில் 5 மில்லிமீற்றர் துளை வழியே உள்மட்டம் 2 சென்ரிமீற்றர் ஆடும். துளையை 3 மில்லிமீற்றருக்குக் குறைத்தால் அது ஒரு சென்ரிமீற்றருக்குக் கீழே வரும், ஆனால் அலை மணலை அள்ளிக் கொண்டுவருகிற இடத்தில் 3 மில்லிமீற்றர் துளை எத்தனை நாள் திறந்திருக்கும் என்பது வேறு கதை. அங்கே கட்ட ஒரு தூணும் இல்லை.